ஊதிக் காட்டினால் தொற்று தெரிந்துவிடுமா?

கேள்வி இது: ‘ஒரு கருவியில் ஊதினாலே போதும், காய்ச்சல் வருவதற்கு முன்பே தொற்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்று படித்தேன். எவ்வளவு தூரம் உண்மை? ரத்தம் எடுப்பதும் சளி கொடுப்பதும் இனித் தேவைப்படாதா?’

நீங்கள் படித்தது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. மூச்சை வைத்துத் தொற்றைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை ஒன்று பல ஆண்டுகளாக உலகம் முழுவதும் அன்றாடம் நடந்துகொண்டிருக்கிறது. அது செய்தியாவதில்லை, ஏனென்றால் அது பழையது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றை அளந்து பார்க்க அதுவே அளவுகோல்.

இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பை அமிலத்தில் வேறு கிருமிகள் பிழைப்பது கடினம். இது பிழைக்கக் காரணம், இதனிடம் ஏராளமாக இருக்கும் யூரியேஸ் என்ற நொதி. அந்த நொதி யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. அம்மோனியா அமிலத்தைத் தணிக்க, அந்தப் பாதுகாப்புக்குள் பாக்டீரியா நிம்மதியாக வாழ்கிறது. மனித உடலின் செல்கள் இந்த நொதியைத் தயாரிப்பதே இல்லை.

பரிசோதனை இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. வெறும் வயிற்றில் வந்தவரை முதலில் ஒரு பையில் ஊதச் சொல்வார்கள். பிறகு யூரியா கலந்த பானத்தைக் குடிக்கக் கொடுப்பார்கள். அந்த யூரியாவில் இருப்பது கார்பன்-13, அதாவது கார்பனின் சற்றே கனமான வடிவம். அதில் கதிரியக்கம் இல்லை. இயற்கையில் உள்ள கார்பனில் ஏறக்குறைய 1.1 சதவீதம் இந்த வகைதான். இருபது, முப்பது நிமிடம் கழித்து இரண்டாவது பை. இரைப்பையில் பாக்டீரியா இருந்தால் யூரியா உடைந்து, கனமான கார்பனைச் சுமந்த கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக இரண்டாவது பைக்கு வந்து சேரும். இல்லையென்றால் இரு பைகளும் ஒன்றுபோல இருக்கும். முறையாகச் செய்தால் நூற்றுக்குச் சுமார் 95 தடவை சரியான விடை. எண்டோஸ்கோப்பி இல்லை, ஊசி இல்லை. இந்தப் பாக்டீரியா ஒரு தொந்தரவும் தராமல் பல பத்தாண்டுகள் உள்ளே இருந்துவிட்டு, சிலருக்குப் புண்ணாகவும் மிகச் சிலருக்குப் புற்றுநோயாகவும் முடியும். அதனால் நீங்கள் கேட்ட ‘முன்கூட்டியே’ என்ற சொல்லுக்கும் இந்தப் பரிசோதனை பொருந்துகிறது.

இது இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்கு இரண்டு காரணங்கள். கிருமியிடம் மட்டுமே உள்ள ஒன்றைக் குறிவைத்து, நாமாகவே ஒரு கேள்வியை உள்ளே அனுப்புகிறோம். பதில் வருகிறதா என்று காத்திருக்கிறோம், அவ்வளவுதான். இரண்டாவதாக, ஒருவருடைய மூச்சை ஊரார் மூச்சோடு ஒப்பிடுவதில்லை. அவருடைய முதல் பையோடுதான் ஒப்பிடுகிறோம்.

நீங்கள் படித்த செய்திகள் பெரும்பாலும் வேறு வகை. அவற்றில் எதையும் உள்ளே அனுப்புவதில்லை. வெளிவரும் மூச்சில் தானாக என்ன இருக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து நோயை ஊகிக்கிறார்கள். ஒன்று நேருக்கு நேர் கேட்டு வாங்கும் பதில் என்றால், மற்றது சந்தைக்கடை இரைச்சலில் ஒட்டுக்கேட்பது.

அந்த இரைச்சல் எவ்வளவு என்று பாருங்கள். வெளிமூச்சில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 16, கார்பன் டை ஆக்சைடு நான்கு ஐந்து, கொஞ்சம் நீராவி. இவை போக மிஞ்சும் இம்மியளவுக்குள்தான் நாம் தேடும் பொருள்கள் அனைத்தும் இருக்கின்றன. 1971இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் மூச்சைக் குளிரவைத்துச் சேகரித்துப் பிரித்துப் பார்த்தபோது சுமார் 250 பொருள்கள் தென்பட்டன. 2014இல் வெளிவந்த ஒரு தொகுப்பு, ஆரோக்கியமான மனிதர்களின் மூச்சில் மட்டும் 872 ஆவியாகும் கரிமச் சேர்மங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் பலவற்றின் அளவு நூறு கோடியில் ஒரு பங்கு, சிலவற்றின் அளவு லட்சம் கோடியில் ஒரு பங்கு.

இதற்குள் தொற்றின் தடயம் இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று, கிருமியே வெளியிடும் வாயு. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவை வளர்க்கும் தட்டைத் திறந்தால் திராட்சை வாசனை வரும். நுண்ணுயிரியல் கூடத்தில் வேலை பார்த்த எவருக்கும் அது மறக்காது. அமினோஅசிட்டோஃபீனோன் என்ற பொருளின் மணம் அது. அதே பாக்டீரியா ஹைட்ரஜன் சயனைடையும் வெளியிடுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டியான சளி தேங்கும் பரம்பரை நோய்) உள்ள குழந்தைகளின் நுரையீரலில் இது வந்து தங்கிவிட்டால் விரட்டுவது பெரும்பாடு என்பதால், மூச்சில் சயனைடைத் தேடும் வேலை இங்கிலாந்தில் நீண்ட காலம் நடந்தது. பூஞ்சைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ், செஸ்குவிடர்பீன் வகைச் சேர்மங்களை வெளியிடுகிறது. 2014இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் 64 நோயாளிகளின் மூச்சில் இவற்றைத் தேடினார்கள். தொற்று இருந்தவர்களில் 94 சதவீதத்தினரைச் சரியாகப் பிடித்தார்கள். இல்லாதவர்களில் 93 சதவீதத்தினரைச் சரியாக விலக்கினார்கள். நல்ல எண்கள்தான். ஆனால் 64 பேர்.

இரண்டாவது வழி, கிருமியை எதிர்க்கும்போது நம் உடலே வெளியிடும் பொருள்கள். வெள்ளணுக்கள் சண்டையிடும்போது, அதாவது அழற்சியின்போது, செல்களின் கொழுப்புப் படலம் ஆக்சிஜனேற்றத்தில் சிதைந்து, ஆல்டிஹைடுகளும் ஹைட்ரோகார்பன்களும் மூச்சில் கலக்கின்றன. வைரஸ் தொற்றில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது இந்தத் தடயம்தான், ஏனென்றால் வைரஸுக்குச் சொந்தமாக வளர்சிதை மாற்றம் கிடையாது. அது தனக்கென ஒரு வாயுவைத் தயாரிக்காது. இந்தத் தடயத்தின் தொல்லை என்னவென்றால், எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்று சொல்லும், வைத்தது யார் என்று சொல்லாது. ஆஸ்துமாவும் அழற்சிதான், புகைபிடிப்பதும் அழற்சிதான்.

மாதிரி எடுப்பது வெளியிலிருந்து பார்க்க எளிது. மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு ஒருவர் குழாயில் ஊதுகிறார். ஊதும் முதல் 150 மில்லிலிட்டர் காற்று வாயிலும் மூச்சுக்குழாயிலும் நின்ற காற்று, நுரையீரலின் ஆழத்தைப் பார்க்காதது. அதை விட்டுவிட வேண்டும். கார்பன் டை ஆக்சைடு அளவு ஏறித் தட்டையாகும் கட்டத்தில்தான் வால்வு திறந்து, அதற்குப் பிறகு வரும் காற்று பேனாவைவிட மெல்லிய உலோகக் குழாய்க்குள் போகும். உள்ளே அடைத்திருக்கும் தூள் சேர்மங்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கூடத்தில் அந்தக் குழாயைச் சூடாக்கினால் அவை கிளம்பி, தலைமுடி கனமுள்ள நீண்ட கண்ணாடி இழைக் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து ஓடி, மறுமுனையில், மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் நிறைமானியைப் போய்ச் சேரும். ஒரு மாதிரிக்கு முக்கால் மணி நேரம். திரையில் ஒரு கோடு மலையும் மடுவுமாக நகரும். ஒவ்வொரு மலையும் ஒரு பொருள்.

நான் இந்த வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் திரையில் ஓர் அழகான மலை எழுந்தது. நோயாளிகள் எல்லோரிடமும் உயரம், ஆரோக்கியமானவர்களிடம் குட்டை. மூன்று நாள் நாங்கள் தரையில் நடக்கவில்லை. நான்காம் நாள் ஒருவர் அது ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் என்று கண்டுபிடித்தார். நோயாளிகளின் மாதிரிகளை வார்டில் எடுத்திருந்தோம், அங்கே கட்டிலுக்குக் கட்டில் கை சுத்தம் செய்யும் திரவம். ஆரோக்கியமானவர்களின் மாதிரிகளை மேல்மாடி அலுவலக அறையில் எடுத்திருந்தோம். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள வேறுபாட்டை மிகத் துல்லியமாக அளந்திருக்கிறோம், நோயை அல்ல.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல, இந்தத் துறையின் பிறவிக் குறை. பட்டினி கிடந்தால் அசிட்டோன் ஏறும். நாற்காலியிலிருந்து எழுந்து சைக்கிள் மிதிக்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே ஐசோப்ரீன் பல மடங்கு எகிறும். சிகரெட் பிடிப்பவரின் மூச்சில் அசிட்டோநைட்ரைல் நாள்கணக்கில் தங்கும். பல் துலக்கிவிட்டு வந்தால் மென்தால். இவற்றைக் கழிக்காமல் கணினியிடம் கொடுத்தால், ஆயிரம் சேர்மங்களுக்குள் நாற்பது நோயாளிகளையும் நாற்பது ஆரோக்கியமானவர்களையும் பிரிக்கும் ஏதோ ஒரு கூட்டணியை அது கட்டாயம் கண்டுபிடித்துத் தரும். அடுத்த மருத்துவமனையில் அந்தக் கூட்டணி உடைந்துவிடும். ஒரு கூடத்தின் அளவும் இன்னொரு கூடத்தின் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கே ஆய்வாளர்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்: தன்னார்வலர்கள் புதினா எண்ணெய் மாத்திரையை விழுங்குவார்கள், அது மூச்சிலிருந்து கரைந்துபோகும் வேகத்தை ஒவ்வொரு கூடமும் தன் கருவியில் அளந்து ஒப்பிடும். கவனித்தீர்களா, இங்கேயும் உள்ளே ஒன்றை அனுப்பித்தான் நம்பகத்தன்மை வருகிறது.

கொரோனா காலம் இந்தத் துறைக்கு வந்த பெரிய பரீட்சை. சிங்கப்பூரில் பிரெத்தோனிக்ஸ் என்ற நிறுவனத்தின் மூச்சுப் பரிசோதனைக்கு 2021 மே மாதம் தற்காலிக அனுமதி கிடைத்தது. 2022 ஏப்ரல் 14 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இன்ஸ்பெக்ட்ஐஆர் நிறுவனத்தின் கருவிக்கு அவசரகால அனுமதி தந்தது. பயணப் பெட்டி அளவிலான கருவி, ஐந்து சேர்மங்களைத் தேடும், மூன்று நிமிடத்துக்குள் விடை. 2,409 பேரிடம் சோதித்ததில், தொற்று இருந்தவர்களில் 91.2 சதவீதத்தினரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 99.3 சதவீதத்தினரை ‘இல்லை’ என்று சரியாகச் சொன்னது. அப்படியிருந்தும், ‘உண்டு’ என்று வந்தால் பிசிஆர் போன்ற மூலக்கூறு பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டும் என்று நிர்வாகம் நிபந்தனை வைத்தது.

ஏன் அந்த நிபந்தனை? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஆய்வில் நூற்றுக்கு 4.2 பேருக்குத் தொற்று இருந்தது. அதே அளவில் பத்தாயிரம் பேர் ஊதினால் 420 பேருக்குத் தொற்று. அவர்களில் 383 பேரைக் கருவி பிடிக்கும். தொற்றில்லாத 9,580 பேரில் 67 பேரைத் தவறாகச் சுட்டும். பரவாயில்லை, ‘உண்டு’ என்று வந்த நூறு பேரில் 85 பேருக்கு உண்மையாகவே உண்டு. இப்போது தொற்று அலை தொடங்கும் முன், பத்தாயிரத்தில் பத்தே பேருக்கு நோய் இருக்கும் நாளில் அதே கருவியை வைத்துப் பாருங்கள். ஒன்பது பேர் சரியாக மாட்டுவார்கள், எழுபது பேர் தவறாக மாட்டுவார்கள். கருவி மாறவில்லை, அதன் துல்லியமும் மாறவில்லை. ‘முன்கூட்டியே’ கண்டுபிடிப்பது என்றால் நோய் அரிதாக இருக்கும்போதே தேடுவது. அப்போதுதான் தவறான எச்சரிக்கை உண்மையான எச்சரிக்கையை மூழ்கடிக்கிறது. 99 சதவீதத் துல்லியம் என்று தலைப்புப் போடும் செய்திகள் இந்தப் பத்தியை எழுதுவதே இல்லை.

‘முன்கூட்டியே’ என்ற சொல்லில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பெரும்பாலான மூச்சு ஆய்வுகள், ஏற்கெனவே நோய் முற்றிப் படுக்கையில் இருப்பவரையும் நன்றாக நடமாடுபவரையும் ஒப்பிடுகின்றன. அந்த வேறுபாட்டைப் பிடிப்பது வேறு, காய்ச்சலுக்கு மூன்று நாள் முன்பு பிடிப்பது வேறு. அதைச் சோதிக்க, தொற்று எப்போது நுழைந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். மனிதர்களில் அது அரிது.

மலேரியாவில் அப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தது. ஆஸ்திரேலியாவில், மருந்து ஆய்வுக்காகத் தாமாக முன்வந்து மலேரியாக் கிருமியை ஏற்றுக்கொண்ட தன்னார்வலர்களின் மூச்சை நாள்தோறும் அளந்தார்கள். நான்கு கந்தகச் சேர்மங்கள் தொற்றின் போக்கோடு சேர்ந்து ஏறி இறங்கின. 2015இல் அந்த முடிவு வெளிவந்தது. பிறகு ஆப்பிரிக்காவில், மலாவியின் லிலாங்வே நகரில், காய்ச்சலோடு வந்த 35 குழந்தைகளின் மூச்சை அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்தார்கள். ஆறு சேர்மங்களை வைத்து 83 சதவீதம் சரியாகப் பிரிக்க முடிந்தது. அங்கே முன்னால் வந்து நின்றவை கந்தகச் சேர்மங்கள் அல்ல. பைனீன் போன்ற டர்பீன்கள். பைன் மரத்தின் மணத்துக்குக் காரணமான பொருள் அது, கொசுவை ஈர்ப்பது. கிருமி தன்னை அடுத்த உடலுக்குக் கொண்டுபோகும் கொசுவை மணம் காட்டி அழைக்கிறதோ என்று நினைக்க வைக்கும் அழகான கண்டுபிடிப்பு. ஆனால் அதே நோய்க்கு இரண்டு இடங்களில் இரண்டு பட்டியல்! தன்னார்வலர்கள் நலமான பெரியவர்கள், தொற்றும் மிகக் குறைவு; குழந்தைகளோ காய்ச்சல் முற்றி வந்தவர்கள். வேறுபாட்டுக்குக் காரணம் சொல்லிவிடலாம், பரிசோதனைக் கருவி செய்ய முடியாது.

எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை தரும் வேலை காசநோயில் நடப்பது. அது வாசனையைத் தேடுவதே இல்லை. மூச்சோடு வெளிவரும் கிருமியையே பிடிக்கிறது. பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தினரும் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களும் முகக்கவசத்தின் உட்புறம் கிருமியைப் பிடிக்கும் ஒரு படலத்தைப் பொருத்தினார்கள். காசநோய் உறுதியான 24 பேர் ஒரு நாள் முழுவதும் இடைவெளி விட்டு எட்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் அதை அணிந்தார்கள். மொத்தம் 192 முகக்கவசங்கள். அவற்றில் 166இல், அதாவது 86 சதவீதத்தில், காசநோய்க் கிருமியின் மரபணு இருந்தது. அதே நேரத்தில் எடுத்த சளி மாதிரிகளில் 21 சதவீதத்தில்தான் தெரிந்தது. 2020இல் வெளியான அந்த முடிவோடு சேர்ந்து வந்த இன்னொரு சிறிய ஆய்வில், சளியில் கிருமி காட்டாத சிலரிடமும் முகக்கவசம் காட்டிக்கொடுத்தது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், நாடு தழுவிய காசநோய்க் கணக்கெடுப்புகளில் கண்டுபிடிக்கப்படுபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருமல் போன்ற அறிகுறிகளே இருப்பதில்லை. இருமல் இல்லாதவரிடம் போய்ச் சளி துப்பச் சொன்னால் எச்சில்தான் வரும். குழந்தைகளிடம் அதுவும் வராது. ஆனால் மூச்சு எல்லோரும் விடுகிறோம், ஒரு நாளைக்கு இருபதாயிரம் முறைக்கு மேல். இருமலில் மட்டுமல்ல, அமைதியான சாதாரண மூச்சிலும் காசநோய்க் கிருமி வெளிவருகிறது என்பதைக் கேப் டவுனில் நடந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. இந்த முறையில் ‘உண்டு’ என்று வந்தால் அது அழற்சியா, பட்டினியா, பற்பசையா என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. கையில் கிருமியே இருக்கிறது. அளவு மிகக் குறைவு என்பதுதான் சிக்கல்; ஆகவே ‘இல்லை’ என்று வந்தால் நம்பிவிட முடியாது.

கேட்டு வாங்கும் வழியையும் நவீனமாக்கப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) சங்கீதா பாட்டியாவின் குழு 2020இல் எலிகளிடம் செய்தது இது: நுரையீரலுக்குள் நுண்துகள்களைச் செலுத்தினார்கள். ஒவ்வொரு துகளிலும், உடலில் இயற்கையாக இல்லாத ஃபுளோரின் கலந்த ஒரு பொருளைச் சிறு புரத இழையால் கட்டியிருந்தார்கள். பாக்டீரியாவோடு சண்டையிடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வெளியிடும் நொதி ஒன்று, அந்த இழையைக் கத்தரித்துவிடும். அவிழ்ந்த பொருள் வாயுவாக மூச்சில் வரும். தொற்று உள்ள எலியிடம் பத்து நிமிடத்துக்குள் அது தெரிந்தது. இரைப்பைக்குக் கொடுத்த யூரியா பானத்தின் அதே தத்துவம்தான், நுரையீரலுக்கு மாறியிருக்கிறது. எலியில் நடந்ததெல்லாம் மனிதரில் நடக்காது என்பது உங்களுக்கே தெரியும். ஆனாலும் ஆயிரம் சேர்மங்களைக் கணினியிடம் கொட்டும் ஆய்வைவிட இந்தப் பாதை தேறும் என்பது என் கணிப்பு.

ஒட்டுக்கேட்பவர்களையும் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமோனியா என்று சந்தேகம் வந்தால், சளியை வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை எதற்கும் இருக்கட்டும் என்று ஆன்டிபயாட்டிக் ஓடும். மூச்சைப் பார்த்து ‘நிமோனியா இல்லை’ என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடிந்தால்கூட அந்த மருந்தை நிறுத்திவிடலாம். அங்கே நோயாளி படுக்கையில் இருக்கிறார், குழாய் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது, சாப்பாடும் நடையும் இல்லை, இரைச்சல் குறைவு. இப்படிப்பட்ட குறுகிய வேலைகளுக்குத்தான் அது முதலில் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஆக, ரத்தமும் சளியும் கொடுப்பது உடனே நிற்கப்போவதில்லை. ‘ஒரு முறை ஊதுங்கள், எல்லாத் தொற்றும் தெரியும்’ என்று வீட்டுக்கருவி எதையாவது யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். புதிய ஆய்வு பற்றிச் செய்தி வந்தால் மூன்றைத் தேடுங்கள்: எத்தனை பேர், அவர்களை யாரோடு ஒப்பிட்டார்கள், வேறொரு மருத்துவமனையில் வேறு ஆட்கள் செய்து பார்த்தார்களா. மூன்றாவதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது.

உங்கள் மருத்துவர் யூரியா மூச்சுப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தால் தயங்காமல் செய்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும்: கடந்த நான்கு வாரத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்திருக்கிறீர்களா, கடந்த இரண்டு வாரத்தில் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று. அவை பாக்டீரியாவை ஒடுக்கிவைத்து, இருக்கும் தொற்றை இல்லை என்று காட்டிவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அவர் நிறுத்தச் சொல்லும் நாளிலிருந்து கணக்கிட்டுத் தேதி வாங்குங்கள். சிகிச்சை முடிந்த பிறகு கிருமி போய்விட்டதா என்று பார்க்கும் இரண்டாவது பரிசோதனைக்கும் குறைந்தது நான்கு வாரம் காத்திருக்க வேண்டும்.